வடசென்னைக் காகித ஸ்டாரின் கோணல்: சூத்திரமும் உரையும்

பாயிரம்

நூலுக்கு முதலில் எல்லை சொல்ல வேண்டும் என்பது நம் பாயிர மரபு. இந்நூலுக்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரம், தெற்கே ராயபுரம், கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். மாநகராட்சிக் கணக்கில் சொன்னால் 1, 4, 5 ஆகிய மண்டலங்களின் கடலோரம். காலம், அரையாண்டுத் தேர்வின் கடைசிப் பரீட்சைக்கு முந்தின இரவு தொடங்கி டிசம்பர் 24 பொழுது சாயும்வரை. கேட்போர், மூன்று வயதுக்கு மேல் எட்டு வயதுக்குள் பிள்ளை வைத்திருப்போர். பயன், வீட்டுக் கத்தரிக்கோல் ஏன் எப்போதும் மொண்ணையாகவே இருக்கிறது என்று தெளிதல்.

நுதலிய பொருள், பண்டிகை வந்தால் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துத் தாளில் செய்கிற வேலை. இந்த வட்டாரத்தில் அது ஆண்டு முழுவதும் ஓயாமல் நடக்கிறது. ஆகஸ்ட் 15க்குக் கொடி, சதுர்த்திக்குப் பிள்ளையார் குடை, நவம்பர் 14க்குச் சட்டையில் குத்த ரோஜா, ரம்ஜானுக்குப் பிறை, பொங்கலுக்குப் பானையும் கரும்பும். இவையெல்லாம் சிற்றிலக்கியங்கள். காப்பியம் ஒன்றே ஒன்றுதான்: கிறிஸ்துமஸ் ஸ்டார். இராயப்பர், அதாவது பேதுரு, பெயரையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்ட பகுதியில் அது அப்படி இருப்பதில் வியப்பில்லை. மாதா படம் மாட்டிய வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமல்ல, வடிவுடையம்மன் படம் மாட்டிய வீட்டுப் பிள்ளைக்கும், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கும் டிசம்பரில் வகுப்பு மிஸ் கொடுக்கிற வேலை இதுதான். மத நல்லிணக்கம் பற்றிப் பேசுவோர் இந்தச் சான்றை இதுவரை பயன்படுத்தாதது ஏன் என்று தெரியவில்லை.

முன்னோர் வழி

இத்துறையின் முதலாசிரியர் ஜெர்மானியரான ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கி, பிறகு அதற்கு கிண்டர்கார்டன் என்று பேரும் வைத்தவர். பந்து, கட்டை, குச்சி, தாள் என்று குழந்தையின் கையில் எதை எப்போது கொடுப்பது என்பதற்கு ஒரு வரிசையே வகுத்தவர். யூ.கே.ஜி. வீட்டுப்பாடத்தால் இரவு பதினொரு மணிக்கும் தூங்கப் போகாத தாய்மார் தங்கள் வசவுகளை அனுப்ப வேண்டிய சரியான முகவரி இதுதான்.

அடுத்தவர் நம்மவர். டி. சுந்தர ராவ். தாளை மடித்தே வடிவியல் கற்கலாம் என்று அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1893இல் மெட்ராஸ் அடிசன் கம்பெனி வெளியிட்டது. கிண்டர்கார்டன் பெட்டியோடு வந்த வண்ணச் சதுரத் தாள்களைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் பிறந்தது என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். பிள்ளைகளுக்கு வந்த தாளைப் பெரியவர் எடுத்துவைத்துக்கொண்டதற்கு இந்த மாகாணத்தில் கிடைக்கும் முதல் எழுத்துபூர்வ ஆதாரம் இது என்று கொள்ளலாம். எடுத்துக்கொண்டதை அவர் வீணாக்கவில்லை. சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று ஒவ்வொன்றாக மடித்துக் காட்டினார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். அதைப் பார்த்த அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் 1901இல் சிகாகோவில் மறுபதிப்புக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியில் குழந்தைகளுக்காகப் புறப்பட்ட தாள் மெட்ராஸில் கணிதமாகி, ஜெர்மனிக்கே திரும்பி, கடல் தாண்டி அச்சேறியிருக்கிறது. சுந்தர ராவின் ஆய்வில் ஒரே ஒரு குறைதான் சொல்ல முடியும். அவர் மடித்துக்கொண்டிருந்தபோது தாளின் மேல் யாரும் உட்காரவில்லை.

மொரேவியர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரையும் விட்டுவிட முடியாது. வீட்டு வாசலில் விளக்கு ஸ்டார் தொங்கவிடும் பழக்கத்தின் மூதாதையரில் அவர்கள் முக்கியமானவர்கள். 1830களில், ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் அவர்கள் நடத்திய பள்ளியில், வடிவியல் பாடத்துக்காகப் பையன்கள் செய்ததே அந்த ஸ்டார். இருபதுக்கும் மேற்பட்ட முனைகள் கொண்டது. இதே மொரேவியர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து, நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்து, 1803 வாக்கில் கடையைக் கட்டிக்கொண்டு போனவர்கள்தாம். இன்னும் முப்பது ஆண்டு பொறுத்திருந்தால் இருபத்துச் சொச்சம் முனை ஸ்டார் நம் பிள்ளைகளின் தலையில் வந்து விடிந்திருக்கும். தமிழ்நாடு தப்பித்தது.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து, போர் காரணமாக இந்தியாவிலேயே பல ஆண்டுகள் தங்க நேர்ந்தவர். குழந்தை வேலை செய்யும்போது பெரியவர்கள் குறுக்கே வரக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் பயிற்சி வகுப்பை நடத்தியது அடையாற்றில். ராயபுரத்தில் நடத்தியிருந்தால், அந்தக் கொள்கையை இங்குள்ள ஆயாக்களுக்கு விளக்குவதற்குள் போரே முடிந்திருக்கும்.

மூவகைப் பள்ளி

இசையில் பாணிகள் இருப்பதுபோல ஸ்டார் செய்வதிலும் இந்த வட்டாரத்தில் மூன்று பாணிகள் உண்டு. இதுவரை இவற்றைப் பிரித்துப் பார்த்தவர் இலர்.

முதலாவது காசிமேட்டுப் பள்ளி. இதில் பசைக்கு இடமே இல்லை, எல்லாம் கட்டுதான். மூங்கில் சிம்பு ஐந்தை ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னினால் ஒரு ஸ்டார். இன்னொரு ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் முனைக்கு முனை வைத்துக் கட்டி, உள்ளே சின்னக் குச்சிகளை முட்டுக்கொடுத்தால் நடு வயிறு உப்பி நிற்கும். அந்த வயிற்றில்தான் பல்பு. கட்டுவதற்குத் தூண்டில் நரம்பு, அதாவது தங்கூஸ். தாள் கடைசியில் வருகிற வேட்டி மட்டுமே. காத்தாடித் தாள் என்றால் உத்தமம். கடற்காற்று தாளைக் கிழித்துக்கொண்டு போனாலும் எலும்புக்கூடு பரணில் ஏறி அடுத்த டிசம்பருக்குக் காத்திருக்கும்.

இப்பள்ளியின் ஆசான் பெரும்பாலும் தாத்தா. துறைமுகத்து நிழலில் வலை பின்னிப் பழகிய விரல் அது. முடிச்சு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விழும். குழந்தையின் பங்கு என்ன? "இங்க விரல வைடா." அவ்வளவுதான். முடிச்சு இறுகும்வரை விரலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். பத்து முடிச்சுக்குப் பத்து தடவை விரல். மேலோட்டமாகப் பார்ப்பவர் இதைக் குழந்தை உழைப்பைக் கிளாம்பாகப் பயன்படுத்துவது என்று இகழக் கூடும். இவ்வாய்வு அவரோடு உடன்படாது. மற்ற இரண்டு பள்ளிகளிலும் குழந்தையின் விரலுக்கு இந்த அளவு வேலைகூடக் கிடையாது. தவிர, காத்தாடி விட்ட பரம்பரையில் பிறந்த பிள்ளைக்கு ஈர்க்குச்சி எவ்வளவு வளைந்தால் ஒடியும் என்பது பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். மாஞ்சா நூலுக்குத் தடை வந்தது நியாயம்; எத்தனையோ கழுத்துகள் அதில் அறுபட்டன. ஆனால் மாஞ்சாவோடு சேர்த்துக் காத்தாடியையே கைவிட்ட வீடுகளில் ஸ்டார் செய்யும் கையும் கொஞ்சம் மங்கிவிட்டது என்பதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது திருவொற்றியூர்ப் பள்ளி. லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று தொழிற்சாலைகள் வரிசைகட்டி நிற்கிற ஊர். இங்கே அப்பா ஃபிட்டர், டர்னர், அல்லது குவாலிட்டியில் இருப்பவர். செகண்ட் ஷிப்ட் விட்டு வீட்டுக்கு வர நள்ளிரவு ஆகிவிடும். பிள்ளை தூங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். மேசையில் வெட்டுப்படாத சார்ட், பக்கத்தில் அம்மா எழுதிவைத்த சீட்டு: 'நாளைக்கு ஸ்டார் வேணுமாம்.' அவர் கை கால் கழுவிவிட்டு உட்காருகிறார். 360 வகுத்தல் 5, 72 டிகிரி. பாகைமானி எடுக்கிறார். அது பிளாஸ்டிக், அரை டிகிரி தப்பு காட்டும் என்று முணுமுணுத்துவிட்டு, வேறு வழியில் கணக்குப் போடுகிறார். விடிகாலையில் பிறக்கிற அந்த ஸ்டாரை எந்தத் தர ஆய்வாளரும் திருப்பி அனுப்ப முடியாது. புல்லட் டேங்கில் தங்கக் கோட்டைக் கையாலேயே இழுக்கிற ஓவியர்கள் இருக்கும் ஊரில், ஓரத்தில் ஜிகினாக் கோடு தள்ளாடுமா? அதைப் பள்ளிக்கு எடுத்துப்போகும் பிள்ளை மட்டும் யார் செய்தது என்று கேட்டால் விழிக்கும்.

மூன்றாவது யார்டு பள்ளி. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் துறைமுக வாசலைப் பார்த்து வரிசையில் நிற்கிற பகுதியில் இது வழங்குகிறது. வீட்டில் ஒரு மாமாவாவது கன்டெய்னர் யார்டில் இருப்பார். ஆகவே மூலப்பொருள் அட்டைப்பெட்டி. ஒட்டுப்பொருள் பிரவுன் டேப். எதையும் தாங்கும் ஸ்டார் இது. அழகில் மற்ற இரண்டுக்கும் இணையில்லை, ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் குறிகள் தரும் கூடுதல் பொருள்நயம் வேறெதிலும் கிடையாது. ஒரு முனையில் மேல்நோக்கிய அம்புக்குறி. இன்னொன்றில் உடையும் பொருள் என்று எச்சரிக்கும் கண்ணாடிக் கோப்பை. மூன்றாவதில் நனையக் கூடாது என்னும் குடை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மொட்டைமாடியில் தொங்கவிடுகிற ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேண்டுதல் உண்டா?

மூலப்பொருள் இயல்

A4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். ஸ்டாருக்கு வேண்டியது சதுரம். ஆகவே முதல் வேலையே 87 மில்லிமீட்டர் பட்டையை வெட்டி எறிவது. தாளில் 29 விழுக்காட்டுக்கு மேல் தொடக்கத்திலேயே நட்டம். இந்தப் பட்டையிலிருந்துதான் காகிதச் சங்கிலி என்ற கலை பிறந்திருக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. உலகில் எந்தக் குழந்தையும் சங்கிலி செய்ய வேண்டும் என்று நினைத்துத் தாள் எடுத்ததில்லை. மிச்சம் விழுந்தது, அம்மா ஒட்டச் சொன்னாள்.

இன்னொரு உறவுமுறையும் கவனிக்கத்தக்கது. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதல் கரும்புச் சக்கையில் தாள் செய்துவருகிறது. நம் வீட்டு ஜெராக்ஸ் தாளிலும் அந்த இனம் உண்டு. அதாவது, பொங்கலன்று வாசலில் சாய்த்துவைக்கும் கரும்பும், அதற்கு மூன்று வாரம் முன்னால் அதே வாசலில் தொங்கிய ஸ்டாரும் பங்காளிகள். ஒருவர் வரும் முன் மற்றவரை அவிழ்த்துவிடுவது குடும்ப நாகரிகம் கருதியே.

மற்ற பொருள்களைச் சுருக்கிச் சொல்லலாம். சிவகாசித் தினசரிக் காலண்டர் டிசம்பரில் தாள் இளைத்து, அட்டை கொழுத்து நிற்கும். ஆனால் 31க்கு முன்னால் அட்டையைக் கேட்டால் ஆயா தரமாட்டாள். கல்யாணப் பத்திரிகை கிடைக்கும், கெட்டியானது, ஜிகினா இலவசம். ஆனால் ஸ்டாரைத் திருப்பினால் சுபமுகூர்த்த வேளை தெரியும். கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சிமெண்ட் பை. அதைக் கசக்கி விரித்தால் பெத்லகேம் மலை. புல்லுக்குக் கேழ்வரகு முளை. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் மெட்ரோ நிலையத்துக்குப் போய்விட்டாலும், தீப்பெட்டியில் மேய்ப்பர்களுக்குக் கட்டில் செய்யும் வழக்கம் விட்டுப்போகவில்லை.

நின்று பேச வேண்டியது பச்சைத் தாள் பஞ்சம். கொடியில் மூன்றில் ஒரு பங்கு பச்சை. ரோஜாவின் காம்பு பச்சை. மாவிலைத் தோரணம் பச்சை. பிறைக்கும் பச்சையே பொருத்தம். கரும்புத் தோகை பச்சை. இந்த நெருக்கடியின் உச்சத்தில் டிசம்பர் வந்து, ஸ்டார் போதாதென்று கிறிஸ்துமஸ் மரமும் கேட்கிறது. அது முழுக்க முழுக்கப் பச்சை. மற்ற நிறங்கள் முறைவைத்து ஓய்வெடுக்கின்றன. பச்சைக்கு மட்டும் விடுமுறையே கிடையாது. அதன் விளைவைத் தண்டையார்ப்பேட்டை ஸ்டேஷனரி கடை ஒன்றில், ஷட்டர் பாதி இறங்கிய நேரத்தில் நடந்த உரையாடல் காட்டும்:

"அண்ணே, பச்சை கிளேஸ் பேப்பர் கீதா?"

"பச்சை இல்ல தங்கச்சி. ரோஸ் கீது, ஊதா கீது."

"ஸ்கூல்ல மரம் செஞ்சாரச் சொல்லிக்கிறாங்கண்ணே."

"எல்லா ஸ்கூல்லயும்தான் சொல்லிக்கிறாங்க. ரோஸ் எடுத்துனு போ. கொயந்த இன்னா கேக்கவா போவுது?"

கடைக்காரர் சொன்னதே சரி. குழந்தை கேட்கவில்லை. ரோஸ் மரம் பார்த்துக் குதித்தது. மறுநாள் கேட்டது மிஸ்.

பசை இயல்

இனிச் சூத்திரங்கள்.

தாளில் பாதி தரையில் பாதி
கையில் முழுதும் பசையெனப் படுமே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஒட்டும் பொருளின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுதாயிற்றே, கையில் இருப்பது எங்கிருந்து வந்தது எனின், அது இரண்டாம் டப்பா என்க.

வெள்ளைப் பசை நீரை இழந்துதான் இறுகும். டிசம்பரில் இந்தக் கடலோரக் காற்றே ஈரம் சொட்டும். அதனால் தாளில் பூசிய பசை மணிக்கணக்கில் காயாது. உள்ளங்கையில் பூசியதோ உடம்புச் சூட்டில் நொடியில் காய்ந்துவிடும். காய்ந்தால் மெல்லிய தோலாகும். தோலானால் உரிக்கலாம். ரேகை முழுதும் அச்சாய் விழுந்த அந்தத் தோலை, கிழியாமல், சுண்டுவிரல் முனைவரை உரித்தெடுப்பதுதான் குழந்தை இந்த வேலைக்கு உட்காரும் மெய்யான காரணம். ஸ்டார் என்பது பசை டப்பாவைத் திறக்க வைக்கப் பெரியவர்களிடம் சொல்லும் சாக்கு. இதை உணராத பெற்றோர், "வீணாக்காத" என்று அதட்டி, வேலையின் சாரத்தையே பறிமுதல் செய்கிறார்கள்.

சோற்றுப் பருக்கையே போதும் என்பர் ஒருசாரார். காத்தாடிக்கு அது போதும். ஸ்டாருக்கு ஆகாது, இரவில் எறும்பு வரும்.

மடிப்பும் வெட்டும்

ஐந்தென எண்ணி எட்டென மடித்து
நான்கென நிற்பது நட்சத் திரமே.

இதில் மூன்று எண்கள் வருகின்றன. மூன்றும் ஒரே ஸ்டாருக்குரியவை. ஐந்து என்பது கரும்பலகையில் மிஸ் போட்ட படம். எட்டு என்பது மடிப்பின் விதி. தாளைப் பாதி பாதியாக மடித்துக்கொண்டே போனால் இரண்டு, நான்கு, எட்டு என்றுதான் பெருகும். ஐந்து ஒருநாளும் வராது. ஐந்து வேண்டுமானால் 36 டிகிரியில் ஒரு மடிப்புப் பிடிக்க வேண்டும். அது சுந்தர ராவுக்குக் கைவரும். இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்குக் கைவராது. நான்கு என்பது விரித்துப் பார்க்கும்போது உள்ளது. மற்றவை எங்கே? வெட்டக் கூடாத நடுமூலையில் கத்தரி பட்டதால் தரையில் விழுந்தன. அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு குழந்தை வாதாடியதைக் கேட்டதுண்டு. வாதம் வலுவானது.

இங்கே அயல்நாட்டு ஆய்வு ஒன்றை ஒப்பிடுவது தகும். நேர்கோடுகளால் ஆன எந்த உருவத்தையும், தாளைத் தக்கபடி மடித்துவிட்டால், ஒரே ஒரு நேர் வெட்டில் எடுத்துவிடலாம் என்று 1990களின் இறுதியில் மெய்ப்பித்தார்கள். மெய்ப்பித்த மூவரில் எரிக் டெமெய்ன் அப்போது பதின்வயதுப் பையன். இன்னொருவர் அவர் அப்பா மார்ட்டின் டெமெய்ன். மூன்றாமவர் அன்னா லூபிவ். அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து தாள் வெட்டினால் உலகக் கணிதத்துக்கே ஒரு தேற்றம் கிடைக்கும் என்பதற்கு இது சான்று. நம் வட்டாரத்தில் நிலவுவது இதன் மறுதலைத் தேற்றம்: தாளை எப்படி மடித்தாலும், எத்தனை வெட்டு வெட்டினாலும், வேண்டிய உருவம் வராமல் செய்யலாம். இதற்கு மெய்ப்பு தேவையில்லை. எந்த வீட்டுக் குப்பைக்கூடையும் போதும்.

பனி குறித்த இடைச்செருகல்

மரத்தின் மேலும் குடிலின் மேலும் பனிக்காகப் பஞ்சு ஒட்டுவது முறை. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். 1895 டிசம்பர் 11இல். அன்றைக்கும் பனி விழவில்லை. ஆகவே இங்குள்ள பிள்ளைகளுக்குப் பனி என்பது முழுக்கவும் கேள்வி ஞானம். ஆனால் வானத்திலிருந்து ஏதோ ஒன்று விழுந்து எல்லாவற்றின் மேலும் படியும் என்ற கருத்து மட்டும் அவர்களுக்கு நன்றாகவே பழக்கம். 2011 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரி இறக்குவது சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் போகும்வரை, ராயபுரத்துப் பஞ்சுப் பனி இரண்டே நாளில் கறுத்துவிடும். அதற்குப் பிறகு ராயபுரத்துப் பனி வெளுத்தது. எண்ணூர்ப் பனி, அனல்மின் நிலையச் சாம்பலோடு சேர்ந்து, இன்னும் சாம்பல் நிறமே. எண்ணூர்ப் பிள்ளை பனிக்குச் சாம்பல் நிறக் கிரேயான் எடுத்தால் அதைத் திருத்தக் கூடாது. அது பார்த்து வரைந்தது.

2023 டிசம்பரை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படகும் வலையும் அப்பிப்போயின. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, சின்னகுப்பம், பெரியகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். டிசம்பர் 26 இந்தக் கரையில் ஏற்கெனவே சுனாமியின் தேதி.

கருத்தா இயல்

நேர்கோ டாயின் பெரியவர் கையே.

ஓரடிச் சூத்திரம். இந்நூலின் உயிர்நிலை.

ஒரு ஸ்டாரை யார் செய்தார் என்று எப்படி அறிவது? சான்றுகள் நான்கிடத்தில் கிடைக்கும். ஒன்று, ஓரம்: மொண்ணைக் கத்தரி தாளைக் கடித்துக் கடித்துத்தான் போகும், வழுவழுப்பான ஓரம் கண்டால் அங்கே தையல் கத்தரி வந்துபோயிருக்கிறது. இரண்டு, பசை ரேகை: முன்பக்கத்தில் சின்னக் கட்டைவிரல் பதிந்திருக்க வேண்டும். மூன்று, ஜிகினா: குழந்தை எனில் எல்லாம் ஒரே முனையில், கால் கிலோ. நான்காவது பின்பக்கப் பெயர். குழந்தை எழுதினால் பெயர் ஸ்டாரைவிடப் பெரிதாக இருக்கும். கடைசி எழுத்து இடமில்லாமல் மேலே ஏறியிருக்கும். அழகான கையெழுத்தில், பிரிவும் வரிசை எண்ணும் ஒழுங்காக இருந்தால், அது அம்மா.

இந்தச் சோதனைகளை வைத்துப் பார்த்தால், பள்ளி வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிடும் ஸ்டார்களில் எவை குழந்தைகளுடையவை என்று கீழே நின்றே சொல்லிவிடலாம். அவை கடைசியில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தொங்கும். முன்வரிசையில் நடுவே தொங்குபவை எல்லாம் செகண்ட் ஷிப்ட் அப்பாக்களும் தூக்கம் கெட்ட அம்மாக்களும் செய்தவை. பரிசு அவற்றுக்கே போகிறது. மேடையேறி வாங்குவது பிள்ளை. ஒரு கைவினைப் பொருளைச் செய்தவர் பெயரை அழித்து வேறொருவர் பெயரில் காட்சிக்கு வைப்பதைக் கலை உலகம் போலி என்று சொல்லும். போலியைப் பிள்ளைக்கு ஏழு வயதிலேயே பழக்கிவிட்டு, பதினேழு வயதில் 'ஏன்டா காப்பி அடிச்ச?' என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

கோணலான ஸ்டார் குழந்தையின் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று காட்டும் அளவுகோல். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தபிறகு அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளில் ஆசிரியைகள் சார்ட்டும் கத்தரியுமாகவே இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் குழந்தை எண்ணும் எழுத்தும் அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம், கையால் தொட்டுக் கற்பது அதன் வழி. கையால் தொடுவது யார் கையால் என்பதை மட்டும் வீட்டில் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

மறுப்பும் விடையும்

'பிள்ளை தானே செய்தால் அசிங்கமாக இருக்கும், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், அழும்' என்பது மறுப்பு. சிரிப்பது மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள், பிள்ளைகள் அல்லர். பிள்ளைகள் ஜிகினா எவ்வளவு என்று மட்டுமே பார்ப்பார்கள்.

'இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்ஆப்பில் சொன்னால் நாங்கள் என்ன செய்வது?' என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு விடையில்லை.

புறனடை

காசிமேட்டுப் பள்ளியில் தாத்தா கட்டும் பெரிய ஸ்டார் இச்சூத்திரங்களுக்கு உட்படாது. அது தாத்தாவின் ஸ்டார் என்று தெருவுக்கே தெரியும். யாரும் அதைப் பிள்ளை பெயரில் தொங்கவிடுவதில்லை. அதில் விரல் வைத்த பிள்ளைக்கும் தன் பங்கு எது என்று ஐயமில்லை: "அந்த முடிச்சுல நான்தான் விரல வெச்சேன்."

வேண்டுகோள்

பரிசு வழங்குவோர் முன்வரிசை ஸ்டார்களுக்குப் 'பெற்றோர் பிரிவு' என்று தனிப் பரிசு வைத்து, அதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தொங்குபவற்றை முன்னால் கொண்டுவரலாம். வகுப்பு மிஸ்கள் ஒன்பது மணியை ஆறு மணியாக்கலாம். ஆண்டர்சன் தெரு மொத்தத் தாள் வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: நவம்பர் கடைசிக்குள் வடக்கே, ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை, பச்சை கிளேஸ் பேப்பர் கூடுதலாக அனுப்பிவையுங்கள்.